ரோலர் கோஸ்டருக்கு உயரம்தான் முக்கியமா? நம்ம வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் வந்து சொல்லுங்கள்

பாலாற்றங்கரை

போன மாதம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகத் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய், தஞ்சோராவில் மூன்று முறை ஏறிவிட்டு வந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2025 டிசம்பரில் சென்னை வொண்டர்லா திறந்தபோது வந்த ரோலர் கோஸ்டர் அது. செய்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபிலார்ட், நாம் பி அண்ட் எம் என்று சொல்லும் அதே கம்பெனி. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், நாம் அதிலிருந்து தொங்குவோம், காலுக்குக் கீழே வெறும் காற்று. ரொம்பப் பிடித்திருந்தது.

ஆனாலும் மனதில் ஒரு குறை. அதே டிசம்பர் 31ஆம் தேதி சவுதியில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கித்தியா பூங்காவைத் திறந்து ஃபால்கன்ஸ் ஃப்ளைட் என்ற கோஸ்டரை ஓட்ட ஆரம்பித்தார்கள். 195 மீட்டர் உயரம், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம், 4 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம். கோஸ்டர் பிரியர்கள் யாரைக் கேட்டாலும் இப்போது அந்தப் பேச்சுதான். நாம் ஏன் அப்படி ஒன்றுக்கு ஆசைப்படக் கூடாது? உயரமும் வேகமும் இருந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் காசு, காசு இருந்தால்தான் அடுத்த கோஸ்டர். வளைவு, நெளிவு, நயம் இதெல்லாம் அப்புறம். யாருக்கு மாற்றுக் கருத்து இருக்கிறதோ வாருங்கள்.

ராணிப்பேட்டை வெல்டிங்

எனக்கு இருக்கிறது தம்பி. நான் இருபத்தாறு வருடமாக பாய்லர் பாகங்களில் வெல்டிங் சோதனை பார்ப்பவன். சாதனை உயரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் கிங்டா கா கோஸ்டர்தான்.

2005இல் நியூஜெர்சியில் திறந்தார்கள். 139 மீட்டர் உயரம், மூன்றரை வினாடியில் 206 கிலோமீட்டர் வேகம். திறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, வண்டியை இழுத்து விடும் வடம் ஓடுகிற பள்ளத்துக்குள் ஒரு போல்ட் விட்டுப்போனது. வடம் சேதமாகி ஆகஸ்ட் வரைக்கும் ஓடவில்லை. 2009இல் இடி விழுந்து மறுபடியும் சில மாதம் நின்றது. ஹைட்ராலிக் எண்ணெயை நைட்ரஜன் அழுத்தத்தில் சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் திறந்துவிட்டு, வடத்தால் அத்தனை டன்னையும் இழுக்கிற அமைப்பு அது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் வடம், கப்பி, சீல், போல்ட் எல்லாமே அடி வாங்கும். கடைசியில் 2025 பிப்ரவரி 28ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். இருபது வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

இந்தப் பக்கம் பாருங்கள். உலகத்தின் முதல் பி அண்ட் எம் தொங்கு கோஸ்டரான பேட்மேன் தி ரைட், சிகாகோ பக்கத்தில் 1992இல் வந்தது. உயரம் முப்பது மீட்டர்தான், பத்து மாடிக் கட்டடம் அளவு. இன்றைக்கும் ஓடுகிறது. நீங்கள் ஏறிய தஞ்சோரா அந்த வம்சம்தான். எது பெரிய வேலை, சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை

அண்ணா, கிங்டா கா நின்றதற்கு உயரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், அந்த ஏவும் முறையைச் சொல்லுங்கள். ஃபால்கன்ஸ் ஃப்ளைட்டில் வடமே கிடையாது, காந்த மோட்டார்தான் வண்டியைத் தள்ளுகிறது, ஒன்றோடு ஒன்று உரசும் பாகம் இல்லை. பழையதில் பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டதுதானே இது? கிங்டா கா வராமல் இருந்திருந்தால் 195 மீட்டரை யார் யோசித்திருப்பார்கள்?

அப்புறம், அபுதாபியில் இருக்கும் ஃபார்முலா ரோசா கோஸ்டரும் ஹைட்ராலிக்தான். 240 கிலோமீட்டர் வேகம், 2010இலிருந்து பாலைவன வெயிலில் ஓடுகிறது.

ராணிப்பேட்டை வெல்டிங்

நல்ல உதாரணம்தான், ஆனால் அது என் பக்கம் சாய்கிறது. ஃபார்முலா ரோசாவின் உயரம் 52 மீட்டர். வேகத்தை நீட்டுவாக்கில் செலவு செய்கிறார்கள், செங்குத்தாக ஏற்றி முறுக்கி இறக்கவில்லை.

காட்பாடி ஜங்ஷன்

இருவருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ரயில் பாதை நேராகப் போய்ச் சட்டென்று வட்டத்தில் நுழையக் கூடாது. நுழைந்தால் அந்த ஒரு இடத்தில் பக்கவாட்டு விசை ஒரே அடியாக வந்து பெட்டி உலுக்கும், உள்ளே நிற்கிறவர் விழுவார். அதனால் நேர்ப்பாதைக்கும் வட்டத்துக்கும் நடுவில், கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிற வளைவு ஒன்றைப் போடுவோம். கோஸ்டரில் தலைகீழாகச் சுற்றும் லூப்பின் கதையும் அதேதான். 1895இல் அமெரிக்காவில் கோனி தீவில் ஃபிளிப் ஃபிளாப் என்று ஒன்று வைத்தார்கள், லூப் சுத்தமான வட்டம். ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், வட்டமான லூப்பின் உச்சியைத் தாண்டுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகத்தில் நுழைந்தாலே, அடியில் உங்கள் எடை ஆறு மடங்காகிவிடும்.

1976இல் ஜெர்மானியர்களான அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃபும் வெர்னர் ஸ்டெங்கலும் கலிஃபோர்னியாவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரில் லூப்பைக் கண்ணீர்த் துளி வடிவத்தில் போட்டார்கள். கீழே அகலம், மேலே குறுகல். அடியில் அழுத்தம் தாங்கும் அளவுக்கு இறங்கியது, உச்சியில் இருக்கையோடு ஒட்டியே இருந்தார்கள். இன்றைக்கு உலகத்தில் நீங்கள் பார்க்கும் லூப் எல்லாம் அந்தத் துளியின் பிள்ளைகள்தான். அந்த ரெவல்யூஷனில் உயரச் சாதனை ஒன்றும் கிடையாது. வளைவு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்ததுதான் அதன் பெருமை. தம்பி, வளைவை "அப்புறம்" என்று சொன்னீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது.

பாலாற்றங்கரை

ஐயா, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வளைவு வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஊரில் அப்பாவைக் கூட்டிப்போக வேண்டும் என்றால், "துளி வடிவ லூப்" என்று சொல்லி வாலாஜா டோல்கூடத் தாண்ட வைக்க முடியாது. "இந்தியாவிலேயே உயரமானது" என்றால் கிளம்பிவிடுவார்.

ஆம்பூர் ரபீக்

என் வீட்டில் நாலு பேர். டிக்கெட், வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும். மகளுக்கு உயரம் பத்தாததால் பெரிய கோஸ்டரில் ஏற்றவே மாட்டேன் என்கிறார்கள். எனக்கு 195 மீட்டரும் வேண்டாம், துளியும் வேண்டாம், எட்டு வயதுக் குழந்தையும் அவள் பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி நல்லதாக ஒன்று வேண்டும்.

குடியாத்தம் ராட்டினக்காரர் மகள்

நான் இதையெல்லாம் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அப்பா ராட்டினம் ஓட்டியவர், இப்போது அண்ணன் ஓட்டுகிறான். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு கவுண்டன்யா ஆற்றங்கரையில் எங்கள் ராட்டினம் நிற்கும்.

ராணிப்பேட்டை அண்ணா, உங்கள் பேச்சில் சின்னது என்றால் பாதுகாப்பு என்று ஒரு தொனி இருக்கிறது. அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது வேறொரு ஊர்த் திருவிழாவில், எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் கொலம்பஸ், அதாவது கப்பல் ஊஞ்சல், போட்டிருந்தார். அது ஆறேழு மீட்டர்கூட மேலே போகாது. மடியை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கம்பியின் கொக்கியில், அது கழன்று வராமல் பிடிக்கும் காட்டர் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கி விட்டிருந்தார்கள். கம்பம் கட்டும் அதே துருப்பிடித்த கட்டுக்கம்பி. மூன்றாவது நாள் ராத்திரி, கூட்டம் நெரிக்கிற நேரம், அது அறுந்து ஒரு பெண் வெளியே வந்து விழுந்தாள். கையெலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தாள். அப்பா ஓடிப்போய்த் தூக்கினார். அன்று ராத்திரியே டார்ச் வெளிச்சத்தில் எங்கள் தொட்டில்களின் பின் ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பார்த்தார், நான் டார்ச் பிடித்தேன்.

திருவிழா ராட்டினத்தைப் பத்து நாளுக்கு ஒருமுறை கழற்றி லாரியில் ஏற்றி இன்னொரு ஊரில் பூட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் போல்ட் ஓட்டை கொஞ்சம் விரியும். மணலில் நிற்கும் கால் ஒரு பக்கம் இறங்கும். பெரிய பூங்காவில் ஒரே இடத்தில் கான்கிரீட்டில் நிற்பதைவிட எங்களுடையதற்குத்தான் ஆபத்து அதிகம். நீங்கள் 139 மீட்டருக்குப் பயப்படுகிறீர்கள், நான் பத்து ரூபாய்ப் பின்னுக்குப் பயப்படுகிறேன்.

காட்பாடி ஜங்ஷன்

அம்மா சொல்வதற்கு வெளிநாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் ஸ்மைலர் என்ற கோஸ்டர், பதினான்கு முறை தலைகீழாகத் திரும்புவதில் சாதனை படைத்தது. உயரம் 30 மீட்டர்தான்.

கோஸ்டர் பாதையையும் ரயில் பாதையைப் போலவே துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள், பிளாக் என்போம். ஒரு பிளாக்கில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டிக்கு அனுமதி கிடையாது. 2015 ஜூன் 2ஆம் தேதி அங்கே ஆளில்லாத சோதனை வண்டி ஒன்று பாதையில் நின்றுவிட்டது. கணினி சரியாகக் கண்டுபிடித்து அடுத்த வண்டியை நிறுத்தி வைத்தது. பாதை காலி என்று நினைத்து, பராமரிப்பு ஆட்கள் அந்தத் தடையை நீக்கி அனுப்பினார்கள். மோதியதில் இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். நடத்திய கம்பெனிக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். சிக்னல் சிவப்பாக இருக்கும்போது வண்டியை விட்டால் எந்த உயரத்தில் இருந்தாலும் கதை அதுதான். சர்வீஸ் முழுக்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த ஒன்றைத்தான்.

ராணிப்பேட்டை வெல்டிங்

தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி, அந்தத் தொனி என் பேச்சில் இருந்தது. உயரத்தைத் திட்டினேனே தவிர, சோதனை இல்லாததைத் திட்டியிருக்க வேண்டும்.

ஆனால் உயரத்தை முழுதாக விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். வேகம் இரண்டு மடங்கானால் தாங்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. சோதிக்க வேண்டிய வெல்டிங் கூடும், மேலே ஏறிப் பார்க்க வேண்டிய ஆள் கூட வேண்டும். அந்த ஆளையும் அந்த நேரத்தையும் கொடுக்க முடிந்தவன் கட்டட்டும். இரும்பில் விரிசல் முதலில் கண்ணுக்கே தெரியாது. நாங்கள் செய்வது இதுதான்: இணைப்பைச் சுத்தமாகத் துடைத்துச் சிவப்புச் சாயம் அடித்துக் கால் மணி நேரம் விடுவோம், மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடித் திரவம் தெளிப்போம். விரிசல் இருந்தால், துணியில் நூல் இழுத்தது போல வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வரும். முதல் முறை பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. நேற்றுவரை நான் கை வைத்துத் தட்டிக்கொடுத்த இரும்பு அது.

பாலாற்றங்கரை

நான் இன்னும் உயரத்தின் பக்கம்தான், மாறவில்லை. ஆனால் என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஒஹாயோவில் மீன் ஸ்ட்ரீக் என்று 1991இல் கட்டிய மரக் கோஸ்டர், உலுக்கி எடுக்கும் என்று பெயர் வாங்கியது. 2018இல் அதே மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தண்டவாளம் போட்டு ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக்கினார்கள். 62 மீட்டர்தான், ஆனால் இருக்கையை விட்டு உடம்பு மிதக்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் 27 வினாடி வருகிறது. அதில் உயரமும் இருக்கிறது, ஐயா சொன்ன வளைவும் இருக்கிறது. நம்ம ஊருக்கு 195 வேண்டாம், அந்த மாதிரி 60 மீட்டர் வந்தால் போதும் என்று தோன்றுகிறது. ரபீக் அண்ணா கேட்டதும் அதற்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று, தஞ்சோராவில் ஏறுகிறவர்கள் சாயங்காலம் ஏறுங்கள். நான் காலையில் ஒருமுறை, சாயங்காலம் இரண்டு முறை ஏறினேன். சக்கரத்தின் பாலியூரித்தேனும் கிரீஸும் வெயிலில் சூடான பிறகு வண்டி நன்றாகவே வேகம் எடுக்கிறது.

ராணிப்பேட்டை வெல்டிங்

60 மீட்டருக்கு நான் சம்மதம்.

குடியாத்தம் தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அண்ணன் ராட்டினத்தை இறக்கும் சமயத்தில், பூட்டுவதற்கு முன்னால், நான் சாய டப்பாக்களோடு வந்து அச்சையும் தொட்டில் கொக்கிகளையும் பார்க்கலாமா? காசு எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

குடியாத்தம் ராட்டினக்காரர் மகள்

அண்ணனிடம் கேட்டேன். முதலில் முகம் சுருங்கியது, ஏதாவது கண்டுபிடித்தால் அந்த வருடம் ஓட்ட முடியாதே என்று. ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு அவனே வந்து, வரச் சொல் என்றான். சித்திரை கடைசி வாரம் லாரி வரும், ஆற்றங்கரையில் இறக்கி வைத்திருப்போம்.

பாலாற்றங்கரை

அக்கா, நானும் வரலாமா? டார்ச் பிடிக்கிறேன்.

குடியாத்தம் ராட்டினக்காரர் மகள்

வா தம்பி. வீட்டிலிருந்து பழைய வேட்டித் துணி இருந்தால் எடுத்து வா, அச்சில் இருக்கும் கிரீஸைத் துடைக்கவே பாதி நாள் போய்விடும்.