இருட்டு கிரேடியன்ட்டில் பட்டை விழுகிறது: எல்இடி வால் ஓட்டுபவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ராயபுரத்தில் ஒரு மேடைக்கு, காசிமேட்டுக் கடலின் இரவு வானம்தான் எல்இடி வாலில் (எல்இடி பேனல்களால் ஆன திரைச்சுவர்) ஓடும் பின்னணி; மேலிருந்து கீழே மெல்ல வெளுக்கும் கிரேடியன்ட். உயரம் 1080 பிக்சல். உச்சியில் நீலச் சேனல் (நீலத்தின் அளவு, 0 முதல் 255 வரை) 8, அடிவானத்தில் 32. எட்டு பிட்டில் நடுவே 24 படிதான் கிடைக்கும், படிக்கு 45 பிக்சல். இருட்டு ஹாலில் அந்தக் கோடுகள் கண்ணைக் குத்தும்.

போட்டோஷாப்பில் 16 பிட், டிதர் (படிகளை மறைக்க நுண்புள்ளி தூவுவது) ஆன், 1 சதவீத காஸியன் நாய்ஸ் (சிதறலான புள்ளிகள்), மோனோக்ரோமாட்டிக் (நிறப்புள்ளி வராமல்) டிக். நாய்ஸுக்குப் பிறகுதான் 8 பிட்டுக்கு மாற்றம். அதன் மேல் பிளர் கிடையாது, போட்டால் சேர்த்த புள்ளியெல்லாம் வீண். பிஎன்ஜி வழவழவென்று இருக்கிறது.

எம்பி4 ஆக்கியதும் பட்டை திரும்புகிறது. எச்.264 என்ற வீடியோ சுருக்கமுறை அந்த மெல்லிய புள்ளிகளை வழித்தெடுத்துவிடுகிறது. எக்ஸ்264 என்கோடரில் டியூன் கிரெயின் (புள்ளிகளைக் காக்கும்), ஏக்யூ மோட் 3 (இருட்டுப் பகுதிக்கு அதிக பிட் தரும்), சிஆர்எஃப் 14 (எண் குறைந்தால் தரம் கூடும்) கொடுத்தால் பெருமளவு சரியாகிறது. கோப்பு பெருக்கும், பரவாயில்லை.

சிக்கல் வாலில்தான். எச்டிஎம்ஐ ஃபுல் ரேஞ்ச் (0 முதல் 255 வரை முழுதும்) அனுப்பும், வாங்கும் இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறது. ஆனால் பிரைட்னஸை 30 சதவீதத்துக்கு இறக்கினால் கிரே லெவல் (வெளிச்சப் படிகளின் எண்ணிக்கை) குறைந்து, அடியிருட்டில் மறுபடி படிக்கட்டு. முழு பிரைட்னஸில் முன்வரிசைக்காரர்கள் பார்க்கவே முடியாது.

ரிஃப்ரெஷ் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை வால் புதுப்பிக்கிறது) குறைத்து கிரேஸ்கேலை (அந்த வெளிச்சப் படிகளை) கூட்டினால், கேமராவில் கோடு ஓடாமல் எவ்வளவு வரை இறங்கலாம்? வாலின் கன்ட்ரோலரில் காமா (இருட்டு-வெளிச்ச வளைவு) 2.8-ஐ 2.2 ஆக்குவது உதவுமா, கருப்பு சாம்பலாகிவிடுமா? வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வால் வாடகைக்கு விடும் அண்ணன்மார் யாராவது செட்டிங்கோடு சொன்னால் பெரிய உதவி.