ஹார்ட் மாத்தி மூணு மாசம் ஆச்சு, இன்னும் எதுக்கு பயாப்ஸி?

திருச்சிக்காரன்:
அண்ணனுக்கு சென்னைல ஹார்ட் மாத்தி மூணு மாசம் ஆகுது, மாடி ஏறுறாரு, எங்ககிட்ட சண்டை கூட போடுறாரு, அவ்ளோ தெம்பு. ஆனா இதுவரைக்கும் ஏழு தடவை கழுத்து வழியா ஹார்ட்லேர்ந்து துணுக்கு எடுத்து பாக்கற பயாப்ஸி எடுத்தாச்சு, இனிமே வரமாட்டேன்னு அடம் புடிக்கிறாரு. எக்கோ நார்மல்னு சொல்லிட்டாங்க, அப்புறமும் இது தேவையா?

மறுபிறவி:
தம்பி, நான் மாத்தி ஆறு வருஷம். புது ஹார்ட்டுக்கு நரம்பு கனெக்ஷன் கட் ஆகியிருக்கும், அதனால உள்ள என்ன நடந்தாலும் நெஞ்சு வலி பெருசா தெரியாது. உடம்பு புது ஹார்ட்ட ஏத்துக்காம தாக்குதானு (ரிஜெக்ஷன்) பாக்கத்தான் பயாப்ஸி, அது எவ்ளோனு ஆர் நம்பர்ல சொல்வாங்க. எனக்கு நாலாவது பயாப்ஸில 2ஆர்னு வந்துச்சு, முந்தின நாள்தான் கோயில் பிரகாரத்த மூணு சுத்து சுத்திட்டு வந்தேன், எக்கோவும் நார்மல்! மூணு நாள் ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, அடுத்த தடவை 1ஆர்க்கு இறங்கிடுச்சு. 0ஆர்னா ஒண்ணுமில்ல, 1ஆர் லேசு, பெரும்பாலும் விட்டுடுவாங்க, 2ஆர்லேர்ந்துதான் கவலை. மரத்துப்போக ஊசி போட்டு, குட்டி கொறடு மாதிரி ஒண்ண உள்ள விட்டு கடுகு சைஸ்ல நாலஞ்சு துணுக்கு எடுப்பாங்க, அப்ப படக்குனு ஒரு துடிப்பு தப்பும், அதான் பயமா இருக்கும். போகப்போக இடைவெளி விட்டு எடுப்பாங்கனு சொல்லுங்க.

லேப் அக்கா:
பயாப்ஸிய விட, ரிஜெக்ஷன் வராம இருக்க போடற டாக்ரோலிமஸ் மாத்திரையோட ரத்த லெவல்லதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. காலைல மாத்திரைய முழுங்கிட்டு ரத்தம் குடுத்தா லெவல் ஏகத்துக்கும் ஏறி காட்டும், டாக்டர் டோஸ குறைச்சிட்டா போச்சு. ரத்தம் குடுத்துட்டு அப்புறம் போடணும். மெடிக்கல்ல கேட்டு கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஃப்ளூகோனசோல் (பூஞ்சை மாத்திரை)னு வாங்கி போடாதீங்க, பம்ளிமாஸும் கூடாது, இதெல்லாம் அந்த லெவல ஏத்தி விட்டுடும்.

வாசகன்:
ரத்தத்துலயே ரிஜெக்ஷன் பாக்கலாம்னு கேள்விப்பட்டேனே?

மறுபிறவி:
ஆமா, அமெரிக்கால 2008லயே ஆலோமேப்னு ஒண்ணுக்கு அனுமதி குடுத்துட்டாங்க, வெள்ளை அணுவுல ஜீன் எப்டி வேலை செய்யுதுனு பாக்கறது. ஆனா அது ஸ்டேபிளா இருக்கறவங்களுக்கு, சந்தேகம் வந்தா திரும்ப பயாப்ஸிதான். தினமும் வெயிட் பாக்க சொல்லுங்க, ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா, கால் வீங்கினா, படுத்தா மூச்சு வாங்கினா உடனே ஃபோன் போடணும்.

திருச்சிக்காரன்:
படிச்சு காட்டினேன், 2ஆர் கதைய கேட்டதும் மனுஷன் சத்தமே இல்ல. வியாழக்கிழமை கூட்டிட்டு போறேன். அக்கா, எங்க வீட்டு கொல்லைல பம்ளிமாஸ் மரமே நிக்குது, போன வாரம் ரெண்டு சுளை தின்னுட்டாராம், இப்பதான் சொல்றாரு!

லேப் அக்கா:
நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, வியாழக்கிழமை வரைக்கும் வெச்சுக்காதீங்க.