போன் எடுத்ததுமே "எவ்வளவு?" என்கிறார்கள்: வீடு க்ளீனிங்குக்கு ரேட் எப்படிச் சொல்வது?

தாம்பரம்_அகிலா:
வணக்கம். தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் வீடு டீப் க்ளீனிங் எடுத்துச் செய்கிறேன், என்னிடம் மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை, போன்தான் பிரச்சினை. எடுத்ததும் "டூ பிஎச்கே, எவ்வளவு?" என்பார்கள். 5,000 என்றால் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுகிறார்கள், அப்புறம் பேச்சே இல்லை. 3,500 என்று ஒத்துக்கொண்டு போனால், பாத்ரூம் டைல்ஸ் முழுக்க போர் தண்ணீர் உப்பு படிந்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது, தேய்த்து முடிக்க ராத்திரி எட்டு மணி ஆகிறது. பார்க்காத வீட்டுக்கு நீங்கள் எல்லாம் எப்படி ரேட் சொல்கிறீர்கள்? சதுர அடிக் கணக்கா, ஆள் கணக்கா?

கோவை_சுத்தம்:
ரேட் சொல்லுங்க, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகு சொல்லுங்க. சதுர அடிக் கணக்கு காலி வீட்டுக்கும் ஆபீசுக்கும் சரிப்படும், குடியிருக்கிற வீட்டுக்கு உதவாது. 900 சதுர அடியில் இரண்டு பேச்சலர்கள் இருக்கும் வீடும், தினமும் தாளிச்சுப் பொரிக்கிற குடும்பம் இருக்கும் வீடும் ஒன்றில்லை, சிம்னியும் அதற்கு மேல் உள்ள டைல்ஸும் மட்டுமே ஒரு ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலி வீடா, பாத்ரூம் எத்தனை, போர் தண்ணியா, கடைசியாக எப்போது மொத்தமாகச் சுத்தம் செய்தார்கள், இதெல்லாம் இரண்டு நிமிஷத்தில் கேட்டுவிடலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த வீடு என்றால் அதைக் கட்டாயம் கேளுங்க, ஜன்னல் கிரில்லிலும் ஸ்கர்டிங்கிலும் தெறித்ததை பிளேடு வைத்துச் சுரண்டவே ஒருவருக்கு அரை நாள் போய்விடும். அப்புறம், "நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா 4,500-லிருந்து 5,500-க்குள்ள வரும் சார், ஆள், மெஷின், கெமிக்கல் எல்லாம் அடக்கம். பாத்ரூமையும் கிச்சனையும் வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்புங்க, சரியான தொகையைச் சொல்லிடறேன்" என்று சொல்லுங்க. வீடியோ அனுப்புகிறவர் பெரும்பாலும் வேலை கொடுப்பார்.

மதுரை_சர்வீஸ்:
அக்கா, 3,500 எந்தக் கணக்கில் வந்தது? மூன்று பேருக்கு ஆளுக்கு 800 வைத்தால் 2,400. கெமிக்கல், ஸ்கிரப்பர் 350. சாமானோடு ஆட்டோ போக வர 500. இதிலேயே 3,250 ஆகிவிட்டது, நாள் முழுக்க நீங்களும் நிற்கிறீர்கள், மிச்சம் 250 ரூபாய்! வேக்குவம் மெஷின் பழுதானால் எங்கே போவீர்கள்? முதலில் இந்தத் தொகைக்குக் கீழே வேலை எடுப்பதில்லை என்று ஒன்றை முடிவு செய்து போன் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அப்போது "ஜிஎஸ்டி தனி" என்பதைப் போனிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஓஎம்ஆர்_வாசி:
நான் தொழில் செய்பவன் இல்லை, கூப்பிடுகிறவன். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சில இடங்களில் விசாரித்தேன். "வந்து பார்த்தாதான் சொல்வோம்" என்றவரை அப்போதே விட்டுவிட்டேன், எனக்கு நேரமில்லை. ரொம்பக் குறைவாகச் சொன்னவரை வரவழைத்தால், வந்த பிறகு ஃபேனுக்குத் தனி, பால்கனிக்குத் தனி, சிம்னிக்குத் தனி என்று ஆரம்பித்தார், வீட்டு ஓனர் முன்னாலேயே சண்டை. எதெது சேரும், எதெது சேராது என்று போனிலேயே சொல்லுங்கள், 500 ரூபாய் கூட இருந்தாலும் கொடுப்போம்.

தாம்பரம்_அகிலா:
ரொம்ப நன்றி, கணக்கைப் பார்த்ததும்தான் உறைக்கிறது. இன்னொன்று, "பக்கத்துல ஒருத்தர் 3,000-க்கே செய்றாரே" என்று பேரம் பேசினால் என்ன சொல்வது?

கோவை_சுத்தம்:
தொகையை மட்டும் குறைக்காதீங்க, வேலையையும் சேர்த்துக் குறைங்க. "4,000-க்குச் செய்யலாம், அலமாரி உள்பக்கமும் பால்கனியும் இல்லாம" என்று சொன்னால் பாதிப் பேர் முழு வேலைக்கே வந்துவிடுவார்கள். மீதிப் பேர் போனால் போகட்டும். போகிக்கு முந்தைய வாரம் பேரமே வேண்டாம், அந்த வாரம் 500 ரூபாயாவது ஜிபேயில் அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதீங்க, காலையில் கிளம்பும்போது கேன்சல் செய்வார்கள். அப்புறம் தரை மார்பிளா என்று போனிலேயே கேட்டுக்குங்க. உப்புக் கறைக்குப் போடுகிற ஆசிட் மார்பிளில் பட்டால் பளபளப்பு போய்விடும், பாலிஷ் செலவு உங்க தலையில் விழும்.