அம்மாவுக்குப் பகோடா பார்க்கணுமாம்: மதுரையிலிருந்து எங்கே போகலாம்?

வில்லாபுரம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா பிறந்தது ரங்கூன்ல. தாத்தா மொகல் தெருவுல ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதினவர். 1964-ல கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டதும் குடும்பத்தோட கப்பலேறி வந்துட்டாங்க. அம்மா அப்ப சின்னப் பொண்ணு. இப்ப எழுபதை நெருங்குறாங்க. சூலே பகோடாவை (கூம்பு மாதிரி நிக்கிற புத்தர் கோயில்) பஸ் சுத்தித் திரும்புறதும், அம்மாச்சி கையைப் பிடிச்சு ஷ்வேடகோன் படியேறினதும் இன்னைக்கும் பேச்சு. "சாகுறதுக்குள்ள ஒரு பகோடா பார்த்துரணும்"னு ஆரம்பிச்சுட்டாங்க. பர்மாவுக்கு இப்போதைக்குக் கூட்டிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு டிராவல்ஸ்ல விசாரிச்சேன். பாங்காக் பேக்கேஜ் கொடுத்தாங்க. அதுல பாதி ஷாப்பிங், மீதி கடற்கரை. எனக்கு வேண்டியது பெரிய பகோடா, நிதானமா சுத்திப் பார்க்கிற மாதிரி ஒரு பழைய ஊர், அவ்வளவுதான். அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். பையன் ஒன்பதாம் வகுப்பு, கேள்வி கேட்டே கொல்லுவான். மே லீவுல போகலாம்னு நினைப்பு. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

பைபாஸ் ரோட்டான்:

மேடம், டிராவல்ஸை விட்டுட்டு நீங்களே அயுத்தயா போங்க. பாங்காக்ல இருந்து வடக்கே 80 கிலோமீட்டர்தான், ரயில் உண்டு. 1350-ல உருவான தலைநகரம், 1767-ல பர்மாப் படை வந்து எரிச்சுட்டுப் போச்சு. வாட் மகாதாட்ல மரத்து வேருக்குள்ள புத்தர் தலை மட்டும் தெரியும், பையனுக்குப் பிடிக்கும். இடம் பூராவும் சமதரை, அம்மா நடந்துருவாங்க. சைவச் சாப்பாடு மட்டும் கஷ்டம். காய்கறிப் பொரியல்னு வாங்கினாலும் மீன் சாறு ஊத்தியிருப்பான்.

கீழக்குயில்குடி பய:

எதுக்கு பிளைட்டு? நம்ம சமணமலையில ஏறுங்க, பாறையில புத்தர் உட்கார்ந்திருக்காரு. செலவு டவுன் பஸ் டிக்கெட்.

திருமங்கலம் மேஸ்திரி:

தம்பி, அது புத்தர் இல்லப்பா, மகாவீரர். மலைக்குப் பேரே சமணமலை. அங்க பிறந்து வளர்ந்த நீயே இப்படிச் சொன்னா எப்படி?

டீச்சர், நீங்க அனுராதபுரம் போங்க. நான் கட்டட வேலை பார்க்கிறவன், பெரிய படிப்பு இல்லை. கோயிலுக்குப் போனாலும் சாமிக்கு முன்னாடி சுவத்தைத்தான் பார்ப்பேன். வீட்டுல இதுக்குத் திட்டு வாங்காத நாள் கிடையாது. எனக்குத் தெரிஞ்ச கண்ணுல பார்த்ததைச் சொல்றேன்.

மதுரையில பிளைட் ஏறினா ஒரு மணி நேரம் போல கொழும்பு. அங்கிருந்து அனுராதபுரம் 200 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் போற ரயில் பாதையிலதான் இருக்கு, ஆனா அம்மாவுக்கு வேன்தான் தோது.

எல்லாரும் ருவன்வெலிசாயங்கிற பகோடாவுக்குத்தான் ஓடுவாங்க. வெள்ளை அடிச்சு, சுத்தி யானைத் தலை வரிசை வச்சுப் பளபளன்னு இருக்கும். நீங்க ஜேதவனராமயங்கிற பகோடாவை முதல்ல பாருங்க. அது பூச்சு இல்லாம செங்கல் தெரிய நிக்குது. மகாசேனன்னு ஒரு ராஜா ஆரம்பிச்ச வேலை, ஆயிரத்து எழுநூறு வருசம் ஆச்சு. கட்டினப்ப 122 மீட்டர் இருந்திருக்கு. கீசாவுல இருக்கிற பெரிய பிரமிடு ரெண்டைத் தவிர அந்தக் காலத்து உலகத்துல அதைவிட உசந்த கட்டடம் இல்லைங்கிறாங்க. இப்ப மிச்சம் நிக்கிறது 71 மீட்டர் சொச்சம். நம்ம மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் 52 மீட்டர் வரும். மேல பாதி இடிஞ்ச பிறகும் அதைத் தாண்டி நிக்குதுன்னா பார்த்துக்கங்க. ஒம்பது கோடிக்கு மேல செங்கல்னு கணக்குப் போட்டிருக்காங்க. நான் தொழிலுக்கு வந்த நாளா சூளைக்கு ஆர்டர் போட்டதெல்லாம் சேர்த்தாலும் அதுல ஒரு சுத்து வராது.

கிட்டப் போய்க் குனிஞ்சு செங்கல் இணைப்பைப் பாருங்க. நாம அரை இஞ்சுக்குக் கலவை வச்சு அதுக்கு மேல செங்கலை உட்கார வைப்போம். அங்க பழைய கட்டு தெரியுற இடத்துல ரெண்டு செங்கலுக்கும் நடுவுல நகம் நுழையாது. நல்லாச் சலிச்ச களிமண்ணைக் குழம்பாக் கரைச்சுத் தடவி, கல்லு மேல கல்லு உட்கார அடுக்கியிருக்கான். பாரத்தைக் கலவை தாங்கல, செங்கல்தான் தாங்குது. சுண்ணாம்பெல்லாம் மேல் பூச்சுக்குத்தான். இதை என் கொத்தனார்கிட்ட போட்டோவுல காட்டினேன், "கூலி யாரு குடுப்பா?"ன்னு கேட்டான்.

ருவன்வெலிசாயவுக்கு வானம் தோண்டின கதை, இலங்கையோட பழைய வரலாற்றுப் புத்தகம் மகாவம்சத்துல இருக்கு. துட்டகைமுனு ராஜா காலம், கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. உருண்டைக் கல்லைக் கொட்டி, சம்மட்டியால உடைச்சு, யானைங்க காலுக்குத் தோல் கட்டி மிதிக்க விட்டிருக்காங்க. அதுக்கு மேல குழைஞ்ச களிமண், அதுக்கு மேல செங்கல்னு அடுக்கடுக்காப் போகுது. யானைக்குச் செருப்பு மாட்டி ரோலர் ஓட்டணும்னு யோசிச்சவன் எவனோ, அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

இதே துட்டகைமுனுதான் அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் ராஜா எல்லாளனைப் போர்ல கொன்னவன். கொன்ன இடத்துலயே நினைவுச் சின்னம் எழுப்பி, அந்தப் பக்கம் போறவங்க மேளத்தை நிறுத்திட்டுத்தான் போகணும்னு உத்தரவும் போட்டான்னு அதே புத்தகம் சொல்லுது. ரொம்ப காலமா எல்லாளன் சமாதின்னு ஜனங்க சொல்லிக்கிட்டு இருந்த மேட்டை, அது தக்கிண தூபங்கிற பழைய பகோடான்னு தொல்லியல் அறிஞர் பரணவிதான சொன்னாரு. அந்தச் சண்டை இன்னும் ஓயல. நான் ரெண்டு கட்சிக்கும் பொதுவா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தேன்.

பையன் கேள்வி கேட்டா அவனுக்குத் தீனி நிறைய இருக்கு. 9-ஆம் நூற்றாண்டுல நம்ம பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் அனுராதபுரத்துல புகுந்து தங்கப் புத்தர் சிலை உட்பட அள்ளிட்டு வந்தான். அங்க அடுத்து ஆண்ட ரெண்டாம் சேனன் மதுரைக்குப் படை அனுப்பிச் சூறையாடி, சிலையைத் திருப்பிக் கொண்டு போனான். 13-ஆம் நூற்றாண்டு முடியுற நேரத்துல யாப்பகுவாக் கோட்டையில இருந்த புத்தர் பல்லையே பாண்டியன் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி எடுத்துட்டு வந்து பாண்டியன் குலசேகரன் கையில குடுத்துட்டான். இலங்கை ராஜா மூணாம் பராக்கிரமபாகு நேர்ல இங்க வந்து, நல்லபடியாப் பேசி வாங்கிட்டுப் போனானாம். எல்லாம் மகாவம்சத்தோட தொடர்ச்சியான சூளவம்சத்துல வர்ற சங்கதி. இப்ப கண்டி தலதா மாளிகையில ஜனங்க வரிசையில நின்னு கும்பிடுறது அந்தப் பல்லைத்தான். கண்டியைக் கடைசியா ஆண்ட ராஜாக்களும் நம்ம நாயக்கர் வழிதான். அதுல கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753-ல சயாமிலிருந்து பிக்குகளை வரவழைச்சு, அங்க அத்துப் போயிருந்த துறவு தீட்சையைத் திரும்பக் கொண்டு வந்தவன். பள்ளிக்கூடத்துல இதெல்லாம் ஏன் சொல்லித் தர மாட்டேங்கிறீங்கன்னு உங்களைத்தான் கேக்கணும், டீச்சர்.

பொலநறுவை அங்கிருந்து 100 கிலோமீட்டர். சோழன் 993-ல இருந்து 1070 வரைக்கும் வச்சிருந்த ஊர். செங்கலைப் பார்த்த கண்ணுக்கு அங்க கல்லு. கல் விகாரையில ஒரே பாறையில படுத்த புத்தர், 14 மீட்டர். தலையணையில கை அழுந்துற இடத்துல லேசா ஒரு பள்ளம் வச்சிருக்கான் பாருங்க, கருங்கல்லைப் பஞ்சாக்கிட்டான். அதே ஊர்ல சிவன் கோயிலும் இருக்கு, நம்ம ஊர்க் கல்தச்சு வேலையேதான். புத்தர் பல்லு இருந்த கோயிலைக் காவல் காக்கிறோம்னு வேளைக்காரப் படைங்கிற கூலிப்படை தமிழ்ல வெட்டின கல்வெட்டு அந்தப் பல்லுக் கோயில் வளாகத்துல நிக்குது. 12-ஆம் நூற்றாண்டு எழுத்து. பையன் ரெண்டு எழுத்தாவது கூட்டி வாசிக்கிறானான்னு பாருங்க.

காரைக்குடி பர்மா காலனி:

டீச்சர், உங்கள் அம்மாவின் கதைதான் எங்கள் வீட்டிலும். 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும் முன்பே நான் போய்விட்டு வந்துவிட்டேன். பகான் சமவெளியில் இரண்டாயிரத்துக்கும் மேல் கோயில்கள். விடியற்காலையில் இர்ராவதிப் பக்கமிருந்து பனி எழும்பும்போது கூம்பு கூம்பாக நுனிகள் மட்டும் தெரியும். கியான்சித்தா மன்னர் கட்டிய ஆனந்தா கோயிலில் நான்கு திசைக்கும் நின்ற கோலத்தில் நான்கு பெரிய புத்தர்கள். 2016 நிலநடுக்கத்துக்குப் பிறகு கோயில்கள் மேல் ஏறவிடுவதில்லை.

அங்கே நாட்லாங் சௌங் என்றொரு விஷ்ணு கோயில் உண்டு. பகானில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மலைமண்டலத்து (கேரளத்து) மகோதயர்பட்டினத்து வணிகர் குலசேகர நம்பி, 'நானாதேசி விண்ணகர்' என்ற கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கதவும் விளக்கும் கொடுத்த செய்தி அது. செட்டியார்கள் கொண்டுவிற்கப் போவதற்கு அறுநூறு ஆண்டு முன்பே நம் ஆட்கள் அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இப்போது வேண்டாம். 2025 மார்ச் 28-ல் 7.7 அளவில் வந்த நிலநடுக்கம் மாண்டலே, சகாயிங், இன்வா பக்கம் எத்தனையோ பகோடாக்களைச் சாய்த்துவிட்டது. உள்நாட்டுச் சண்டையும் ஓயவில்லை. முழங்கால் வலியோடு வயதானவரை அழைத்துப் போகும் நேரம் இது இல்லை. மேஸ்திரி சொல்வதே சரி. ஒன்று மட்டும் அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: இலங்கைத் தாதுகோபங்களுக்கு (பகோடாக்களுக்கு) தங்கத் தகடு கிடையாது, ஷ்வேடகோன் மாதிரி மின்னாது. எங்கள் அத்தை ருவன்வெலிசாயவைப் பார்த்துவிட்டு "ஏன் இன்னும் பெயின்ட் அடிக்கலை?" என்றார்.

வில்லாபுரம் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காரைக்குடி ஐயா, உங்க பதிலை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "தங்கம் இல்லாட்டி என்ன, மணிச் சத்தம் இருக்குமா?"ன்னு கேக்குறாங்க. மேஸ்திரி அண்ணே, நீங்க சொன்னதுல பையன் இப்பவே யானைச் செருப்பை வரைய ஆரம்பிச்சுட்டான். இன்னும் ரெண்டு சந்தேகம்: மே மாசம் போகலாமா? சைவத்துக்கு என்ன பண்ணுறது? யாப்பகுவா படி அம்மாவால முடியுமா?

திருமங்கலம் மேஸ்திரி:

ரெண்டுன்னு சொல்லி மூணு கேட்டுட்டீங்க.

மே பௌர்ணமிக்கு வெசாக், புத்தர் பிறந்தநாள் பண்டிகை. ஊர் பூரா காகிதக் கூடு கட்டி விளக்கு போட்டிருப்பாங்க, தெருவுக்குத் தெரு தன்சல் பந்தல்ல இலவசமாச் சாப்பாடு, குடிக்கத் தண்ணி. பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ரூம் கிடைக்காது. அம்மாவை வச்சுக்கிட்டு அலையாம, பௌர்ணமிக்கு நாலைஞ்சு நாள் தள்ளிப் போங்க. ஜூன் பௌர்ணமிக்கு அனுராதபுரத்துலயும் மிகிந்தலையிலயும் அதைவிடக் கூட்டம், அதையும் தவிர்த்துருங்க.

வெயில் கடுமை. செருப்பும் தொப்பியும் வாசல்லயே கழட்டணும், பத்து மணிக்கு மேல முத்தத்துக் கல்லு தோசைக்கல்லுதான். காலையில ஆறு மணிக்கு உள்ள நுழைஞ்சுருங்க. அம்மாவுக்குத் தடியான சாக்ஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்க, சாக்ஸோட நடக்க விடுறாங்க. முழங்கால், தோள் மறைக்கிற வெள்ளை உடுப்பு நல்லது. புத்தருக்கு முதுகு காட்டி நின்னு செல்பி எடுத்தா காவலுக்கு இருக்கிறவங்க சத்தம் போடுவாங்க, பையன்கிட்ட முதல்லயே சொல்லி வைங்க. பாஸ்போர்ட் கையிலயே இருக்கட்டும், சார்க் நாட்டுக்காரங்களுக்கு டிக்கெட்ல சலுகை உண்டு. ஏஜென்ட் சொல்ல மாட்டான்.

சாப்பாட்டுக்கு மரக்கறிச் சோறுன்னு கேளுங்க, பருப்பு, பலாக்காய், கீரைன்னு நல்லாவே இருக்கும். தேங்காய்ச் சம்பல்ல மட்டும் மாசிக் கருவாடு இடிச்சுப் போடுவாங்க, பார்வைக்குத் தெரியாது. "மாசி போடாத சம்பல்"னு கேட்டு வாங்குங்க.

யாப்பகுவா படி செங்குத்து, அம்மா வேண்டாம். கீழ அகழிப் பக்கம் நிழல்ல உட்கார வச்சுட்டு நீங்களும் பையனும் ஏறுங்க. அனுராதபுரத்துக்குப் பக்கத்து மலை மிகிந்தலையில 1,840 படி, ஆனா பாதி தூரத்துக்கு மேல வரைக்கும் வண்டி போகுது, அதனால பயப்பட வேண்டாம்.

மணிச் சத்தத்துக்கு ஸ்ரீ மகா போதி மரத்துக்குச் சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க. அசோகர் மகள் சங்கமித்தை கொண்டு வந்த கன்றுல வளர்ந்த அரசமரம். பூசை நேரத்துக்கு மேளமும் அடிப்பாங்க. தாமரைப்பூ வாசல்லயே விக்கும், பேரம் பேசாம வாங்கிருங்க.

வேன்காரன்கிட்ட மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா யாரு குடுக்கிறதுன்னு ஏறுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுருங்க.