தமிழ்த் தரவை அலசக் கற்றுத்தரும் பட்டறை ஏதும் உண்டா?

வணக்கம். தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் எப்போது பேச்சுத் தமிழுக்கும் எப்போது எழுத்துத் தமிழுக்கும் மாறுகிறார்கள் என்று ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். முனைவர் பட்டம் முடித்து ஓராண்டுதான் ஆகிறது. நெறியாளரும் இப்போது என்னுடன் இல்லை.

கையில் 14 மணிநேர ஒலிப்பதிவு. போன மாதம் இளம் ஆய்வாளர்களுக்கான ஒரு பட்டறைக்குப் போனேன். சாப்பாடு அருமை! ஆனால் தரவைக் குறியிடுவது, அதாவது பதிவின் ஒவ்வொரு பகுதிக்கும் வகைப்பெயர் இடுவது பற்றிக் கேட்டதும், "முதலில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிடுங்கள்" என்றார்கள். மொழிபெயர்த்தால் 'வந்துச்சு', 'வந்தது' இரண்டும் ஒன்றாகிவிடுமே! என் ஆய்வே அந்த வித்தியாசம்தான்.

சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்திலோ வேறு எங்காவதோ தமிழ்த் தரவை வைத்தே சொல்லித்தரும் பட்டறை நடந்தால் சொல்லுங்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் என்றால் வசதி. இணையவழியும் சரிதான். தரவை அலச உதவும் என்விவோ மென்பொருளில் தமிழ் எழுத்திலேயே குறியிட்டவர்கள் யாராவது இருந்தால் ஒரு மணிநேரம் ஒதுக்குவீர்களா? தேக்காவில் தே தாரிக் தேநீர் என் செலவு.

அப்புறம், ஆய்விதழ் கட்டுரையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினால் மதிப்பீட்டாளருக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று சொல்லித்தருபவர்கள் இருந்தாலும் தெரிவியுங்கள். அதுவும் சீக்கிரமே தேவைப்படும் போலிருக்கிறது.