உவரி, இடிந்தகரைக்குக் கார் ஏத்துற கப்பல் விட முடியுமா?

உவரிக் கரை:
அலாஸ்காவுல ரோடு போகாத கடலோர ஊர்களுக்கு டஸ்டுமேனாங்கிற கப்பல் ஆளையும் காரையும் ஏத்திட்டுப் போகுது. சரிவுப் பாலமே இல்லாத ஜெட்டியில காரை எப்படி இறக்குறாங்க? தூத்துக்குடியில இருந்து உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைக்கு அப்படி ஒண்ணு விட்டா ஓடுமா?

கடல்தச்சன்:
1964ல கட்டுன கப்பல். 1969ல நீளத்தைக் கூட்டி 296 அடி ஆக்குனாங்க. அதுல இருக்கிற லிஃப்ட் மேடை ஜெட்டி மட்டத்துக்கு வந்து நிக்கும். கார் அதுல ஏறுனதும் கீழ் தளத்துக்கு இறக்கிருவாங்க. அலாஸ்காவுல ஹோமர்ங்கிற ஊர் பக்கம் கடல் ஏத்தவத்தம் 20 அடியைத் தாண்டும். அசையாத சரிவு அங்க சரிப்படாது, அதான் லிஃப்ட். வண்டி ஒவ்வொண்ணாத்தான் ஏறணும், நேரம் நிறையப் பிடிக்கும். கடைசி ஊர்ல இறங்குற வண்டியை முதல்ல உள்ள விட்டிரணும். இல்லைன்னா நடுவழி ஊர்ல எல்லாத்தையும் வெளிய எடுக்கணும்.

கொண்டல்:
அண்ணாச்சி, நம்ம பக்கம் ஏத்தவத்தம் 1 மீட்டருக்குள்ளதான், அதுக்கு லிஃப்ட் தேவையில்லை. நமக்குச் சிக்கலே அலைதான். கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்துல தெக்க இருந்து வர்ற நெடிய அலையில, ஜெட்டியில கட்டுன கப்பலும் மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்கும். முன்சக்கரம் மேடையிலயும் பின்சக்கரம் ஜெட்டியிலயும் நிக்கும்போது கப்பல் அரை மீட்டர் இறங்குனாலே காரோட அடிப்பாகம் தட்டிரும். கப்பல் வெடுக்குன்னு இழுத்தா கட்டுன வடமும் அறும். லிஃப்ட் இருந்தாலும் இது தீராது.

தூண்டில் வளைவு, அதான் கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டுன கல் சுவர், கரை அரிப்புக்குப் போட்டது. கப்பல் அணைய அதுல ஆழமும் கிடையாது, அலை மறைப்பும் போதாது. அந்த அளவு கப்பலுக்கு 5 மீட்டர் ஆழமாவது வேணும். தோண்டி விட்டாலும் மணல் தூந்துக்கிட்டே இருக்கும். குஜராத்துல கோகா–தாகேஜ் கார் கப்பல் தடத்துல ஆழம் பத்தாமப் போயித்தான், 2020ல தாகேஜை விட்டுட்டு ஹசீராவுக்கு மாத்துனாங்க. அலைத்தடுப்புச் சுவர் இல்லாம கப்பலைப் பத்திப் பேசுறதே வீண். கேக்கணும்னா முதல்ல அதைக் கேளுங்க.

உவரிக் கரை:
அப்ப பைக்கும் ஆளும் மட்டும் ஏத்துற சின்னக் கப்பல்?

கடல்தச்சன்:
அதுக்கும் ஆழமும் மறைப்பும் வேணும், அளவுதான் குறையும். ஏத்துற அன்னைக்கு சென்டர் ஸ்டாண்டை நம்பாதீங்க. கப்பல் ஆடுனா பைக் துள்ளிச் சாஞ்சிரும். சைடு ஸ்டாண்டுல விட்டு, முதல் கியர் போட்டு, முன் ஃபோர்க்குல ரெண்டு பக்கமும் பட்டை போட்டு ஸ்பிரிங் பாதி அமுங்குற வரைக்கும் இறுக்கணும். பின்னால சட்டத்துல இன்னும் ரெண்டு. சக்கரம் உருளாம அண்டை (ஆப்புக் கட்டை) வைங்க, பெட்ரோல் குழாயை மூடுங்க. வண்டித் தளத்துல வடிகால் துளை அடைச்சுக்கிடாம பாக்கணும், கதவை மூடிட்டோம்னு கண்ணால பாத்த பிறகுதான் வடத்தை அவுக்கணும். 1987ல பெல்ஜியத்துல ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்ங்கிற கார் ஏத்துற கப்பல் முன்கதவை மூடாமக் கிளம்புச்சு. வண்டித் தளத்துல ஏறுன தண்ணி ஒரே பக்கமா ஓட, சில நிமிசத்துல கப்பல் கவுந்து 193 பேர் செத்தாங்க.