மறுமொழி: டாக் கிளட்ச் – ‘உரசிணைப்பி’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் இன்றுதான் வரிசையாகப் படித்து முடித்தேன். பின்செலுத்தி (ஸ்டெர்ன்டிரைவ்) படகுகளில் கியர் கோளாறு பார்ப்பதற்கான கையேட்டைத் தமிழாக்கும் வேலை ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. கிளட்ச் என்று வரும் இடமெல்லாம் ‘உரசிணைப்பி’ என்று போட்டுவிடலாம், அது ஏற்கெனவே வழக்கில் இருக்கும் சொல்தானே என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல் அழகாக இருக்கிறதா இல்லையா என்பதல்ல என் கவலை. இந்த இடத்தில் தப்பான சொல்லைப் போட்டால், படிப்பவர் தப்பான பாகத்தைக் கழற்றுவார்.

> கிளட்ச் என்றாலே உரசி இணைப்பதுதான். இதில் என்ன குழப்பம்?

காரில் அப்படித்தான், ஐயா. இங்கே பாதிதான் அப்படி. பின்செலுத்தியில் எஞ்சின் படகுக்குள் இருக்கும். செலுத்தும் பகுதி, படகின் பின்சுவரான பின்பலகைக்கு வெளியே தண்ணீரில் தொங்கும். 1959-இல் வால்வோ பென்டா ‘அக்வாமேடிக்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1961-இல் மெர்க்ரூசர் என்ற வணிகப்பெயரிலும் இது வந்தது. வெளியே தொங்கும் அந்தப் பகுதிக்குள் கியரை இணைக்கும் முறையில் இரண்டு வழிகள் உண்டு. வால்வோ பென்டாவின் பல மாதிரிகளிலும் மெர்க்ரூசர் பிராவோவிலும் மேல்கூட்டுக்குள், அதாவது அந்தப் பகுதியின் மேல்பாதி உறைக்குள், ஒரு கூம்பு இருக்கும். அது மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் ஒரு பற்சக்கரத்தின் குழிவுக்குள் போய் இறுகி, உரசலால் பிடிக்கும். அதை ‘கூம்பு உரசிணைப்பி’ என்று சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

மெர்க்ரூசர் ஆல்பாவில் கதையே வேறு. கீழ்கூட்டில், ப்ரொப்பல்லர் தண்டின் மேல் ஒரு சின்ன உருளை முன்னும் பின்னும் நகரும். அதன் இரண்டு முகத்திலும் தடித்த பற்கள். இரு பக்கமும் இரண்டு பற்சக்கரங்கள், எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். உருளை எந்தப் பக்கம் போய் மாட்டுகிறதோ அந்தத் திசையில் படகு போகும். நடுவில் நின்றால் நியூட்ரல். உரசலுக்கு இங்கே இடமே கிடையாது. பல்லுக்குள் பல் விழும், இல்லாவிட்டால் விழாது. இதைத்தான் ஆங்கிலத்தில் ‘டாக் கிளட்ச்’ என்கிறார்கள்; ‘டாக்’ என்றால் நாய்.

இதற்கு ‘உரசிணைப்பி’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கார் ஓட்டிப் பழகிய கை, கிளட்ச் என்றதும் மெதுவாக, பதமாக விடத்தான் பார்க்கும். கையேடும் ‘உரசி இணையும்’ என்று சொன்னால் அந்தப் பழக்கம் இன்னும் உறுதிப்படும். இந்த வகைக் கியரைப் பதமாக, தயங்கித் தயங்கிப் போடுவதுதான் அதைக் கெடுக்கும் முதல் வழி. சுற்றுகிற பல்லின் முனையில் நிற்கிற பல்லின் முனை தட்டித் தட்டிச் சீவப்படும். எஞ்சின் வேகத்தை அடிநிலைக்கு இறக்கிவிட்டு, ஒரே மூச்சில் சட்டென்று போட வேண்டும். அப்படிப் பாழான ஓர் உருளையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். புதிதில் உளியால் வெட்டியதுபோல நேராக நிற்க வேண்டிய பல்முனைகள் கூழாங்கல் மாதிரி வழவழவென்று உருண்டு போயிருந்தன. விரல் நகத்தை வைத்தால் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் கைப்பிடியோடு இணைந்த கியர் கேபிளை எவ்வளவு திருகிச் சரிசெய்தாலும் பயனில்லை. சுமை ஏறும்போது பல் வெளியே தள்ளப்படும், உடனே மறுபடி மோதும். கீழ்கூட்டுக்குள் கடகடவென்று சுத்தியல் அடிப்பது போலக் கேட்கும்.

சரி, அப்படியானால் என்ன சொல்?

> ‘நாய்ப்பிடி’ என்று நேராகவே மொழிபெயர்க்கலாமே. புதுமையாக இருக்கும்.

நேர் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்பதே என் எண்ணம். ‘நாய்ப்பிடி’ என்று படிக்கிற மெக்கானிக்குக்கு அதிலிருந்து ஒரு வேலையும் விளங்காது. ‘பல்லிணைப்பி’ என்ற இன்னொரு முன்மொழிவு நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டுக்குள் இருக்கும் எல்லாமே பல்லால்தான் இணைகின்றன. பற்சக்கரமும் பற்சக்கரமும் சேரும் இடத்தையும் ஒருவர் பல்லிணைப்பு என்று நினைத்துக்கொள்ளலாம்.

நான் முன்வைப்பது ‘கவ்விணைப்பி’. கவ்வுதல் என்றால் பல்லால் பற்றுதல். ஒன்று கவ்வும், இல்லாவிட்டால் விடும். அரைகுறையாகக் கவ்வுவது நழுவத்தான் செய்யும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘கவ்வு’ என்று சொன்னதும் நாயின் வாய் தானாகவே நினைவுக்கு வருகிறது. ஆக, மூலச்சொல்லில் இருக்கும் நாயையும் நாம் தொலைத்துவிடவில்லை! உரசிணைப்பி, கவ்விணைப்பி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே குடும்பத்துச் சொற்களாக நிற்கின்றன, வேறுபாடும் கண்ணில் படுகிறது.

பேச்சு வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. கியர் ‘விழுகிறது’, ‘விழ மாட்டேன் என்கிறது’, ‘விடுபடவில்லை’ என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். கையேட்டிலும் அதே வினைகளைப் பயன்படுத்துவோம். ‘கியர் ஈடுபடுத்தப்படவில்லை’ என்றெல்லாம் எழுதி யாரையும் தவிக்க விட வேண்டாம்.

அடுத்தது ‘கியர் ஸ்லிப்’. இதை நான் இரண்டு வரியில் கடக்க மாட்டேன், ஏனென்றால் குழப்பம் எல்லாம் இங்கேதான் கூடு கட்டுகிறது. எஞ்சின் உறுமுகிறது, படகு போகவில்லை என்று ஒருவர் சொன்னால் அது மூன்று வெவ்வேறு கோளாறாக இருக்கலாம். கூம்பின் முகம் பளபளத்துப் போய்ப் பிடிக்காமல் போவது ஒன்று, அதற்கு ‘வழுக்கல்’. பல்முனை தேய்ந்து கவ்விணைப்பி வெளியே வருவது இன்னொன்று, அதற்கு ‘நழுவல்’. மூன்றாவதில் கியருக்குச் சம்பந்தமே இல்லை. ப்ரொப்பல்லரின் நடுவே அதிர்ச்சி தாங்குவதற்காக ஒரு ரப்பர் இருக்கும். அது பிடி விட்டுப்போனால் தண்டு சுற்றும், இறக்கைகள் கூடவே முழு வேகத்தில் வராது. மெதுவாகப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். வேகம் கூட்டியதும் எஞ்சின் மட்டும் எகிறும். வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் ‘குடம்’ என்ற சொல் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது. அதனால் ‘குட ரப்பர்’, ‘குடம் சுற்றுதல்’ என்று வைக்கலாம். சோதிப்பதும் எளிது: உள்குடத்திலும் வெளிப்புறத்திலும் சேர்த்து ஒரே நேர்கோடு கிழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து பார்க்கையில் கோடு இரண்டாக விலகியிருந்தால் கோளாறு ரப்பரில். இதை அறியாமல் கீழ்கூட்டையே பிரித்துப் போட்டவர்கள் உண்டு. மூன்றுக்கும் ‘ஸ்லிப்’ என்ற ஒரே சொல் இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி, யாரும் தொடாமல் விட்ட ஒரு சொல். கவ்விணைப்பி உள்ள செலுத்திகளில், கியரை நியூட்ரலுக்கு இழுக்கும்போது எஞ்சினின் தீப்பொறியை ஒரு கணம் வெட்டும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. இழுபட்டு நிற்கும் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க முடியாதல்லவா, கொஞ்சம் தளர்த்தினால்தானே அவிழும்? அதேதான் இங்கேயும். சுமையில் அழுந்திய பற்கள் விடுபட, அந்த ஒரு கணத் தளர்வு வேண்டும். மொழிபெயர்ப்பு வரைவில் இதற்குத் ‘துண்டிப்பு விசை’ என்று போட்டிருக்கிறார்கள். அதை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சுவிட்சுக்கும் அதே வரைவில் அதே பெயர் இருக்கிறது. ‘துண்டிப்பு விசையின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சோதிக்கவும்’ என்று ஒரு வரி வந்தால், உயிர்காக்கும் சுவிட்சை ஒருவர் கழற்றி வைத்துவிடுவாரே! தவிர, ‘விசை’ ஒரே பக்கத்தில் தள்ளுவிசையாகவும் சுவிட்சாகவும் வருகிறது. இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ‘ஆளி’ என்று இருக்கிறது. அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். கியருக்கானது ‘இடைவெட்டு ஆளி’, உயிர்காப்புக்கானது ‘நிறுத்துகயிற்று ஆளி’.

இந்த இடைவெட்டு ஆளியால் நான் பட்டது ஒன்று. நண்பர் ஒருவரின் படகு, கரைக்கு வந்து நியூட்ரல் போடும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். ஒரு பட்டறையில் எரிபொருள் வடிகட்டியை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். தீரவில்லை. நான் மூடியைத் திறந்து, கேபிள்கள் வந்து சேரும் கியர்த் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ‘வி’ வடிவ வெட்டு உள்ள ஒரு நெம்புகோல் இருக்கும்; ஆளியின் குட்டி உருளி அந்த வெட்டின் அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நண்பர் நியூட்ரலுக்கு இழுத்ததும் உருளி வெட்டின் விளிம்பில் ஏறியது. எஞ்சின் தடுமாறியது. உருளி இறங்கவே இல்லை. எஞ்சின் நின்றது. அடுத்த முறை விளிம்பில் ஏறியதும் நெம்புகோலை விரலால் லேசாகத் தள்ளினேன். உருளி டக்கென்று உள்ளே விழுந்தது, எஞ்சின் நிற்காமல் ஓடியது.

அப்புறம் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, தகட்டிலிருந்து செலுத்திக்குப் போகும் கீழ்க் கேபிளைக் கழற்றினோம். கைப்பிடி நொடியில் இலகுவாக ஆடியது. ஆக, கைப்பிடியிலிருந்து தகட்டுக்கு வரும் மேல் கேபிளில் குறையில்லை. கீழ்க் கேபிளைக் கையால் தள்ளினால் மணல் அரைபடுவதுபோல நெறநெறவென்று வந்தது. பின்பலகைக்கு வெளியே அதை மூடியிருந்த ரப்பர் துருத்தி கிழிந்து, உள்ளே தண்ணீர் ஊறியிருந்தது. கேபிள் கடினமானால் நெம்புகோல் திரும்பாது, திரும்பாவிட்டால் வெட்டிய தீப்பொறி மறுபடி வராது. கேபிளையும் துருத்தியையும் மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது. ‘இடைவெட்டு’ என்ற பெயர் அன்றைக்கு அந்தப் பட்டறையின் கையேட்டில் இருந்திருந்தால், இடையில் வெட்டுவது வெட்டிக்கொண்டே நிற்கிறதோ என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்.

> எஞ்சினை அணைத்துவிட்டுச் சோதித்தால் முன் கியர் விழவில்லை. இதுவும் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முனைக்கு முனை நேராக நின்றால் பல்லுக்குள் பல் போகாது. ஒருவர் ப்ரொப்பல்லரைக் கையால் மெல்லத் திருப்ப, இன்னொருவர் கைப்பிடியைத் தள்ளினால் விழுந்துவிடும். சாவி கழற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ப்ரொப்பல்லர் பக்கம் கை போக வேண்டும். இந்த வரியைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடச் சொல்கிறேன்.

கேபிள், ப்ரொப்பல்லர், நியூட்ரல் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம்; எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். பின்செலுத்தி பற்றியும் எனக்கு மறுப்பு இல்லை. கவ்விணைப்பி, இடைவெட்டு ஆளி, வழுக்கல், நழுவல், குடம் சுற்றுதல் ஆகிய ஐந்தையும் வரைவின் நான்காம் பகுதியில் போட்டு, அந்தப் பகுதியை மட்டும் நாளை அனுப்புகிறேன். படகில் வேலை பார்க்கும் யாரிடமாவது விளக்கம் எதுவும் சொல்லாமல் அதைப் படிக்கக் கொடுங்கள். அவர் எந்தச் சொல்லில் தயங்குகிறார் என்று எழுதுங்கள், அதை மட்டும் மறுபடி பேசுவோம்.

அன்புடன்.